பழைய ரயில்காரை மீட்டெடுப்பது என்றால் என்ன?

சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். பழைய ரயில் பெட்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, உள்ளே மேசை நாற்காலி போட்டு ஓட்டலாக்கும் வழக்கம் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது. அதைப் பற்றித்தான் பேச்சு. "பழைய வண்டியை எவ்வளவு அழகா ரெஸ்டோர் பண்ணியிருக்காங்க" என்றார் ஒருவர். எட்டாவது படிக்கும் என் அக்கா மகள் கூடவே இருந்தாள்.

"மாமா, அந்த வண்டி இனிமேல் ஓடுமா?"

"ஓடாது கண்ணு."

"அப்போ எதை ரெஸ்டோர் பண்ணாங்க?"

கடையில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. பெயிண்ட் அடித்தால் ரெஸ்டோர், துருவைச் சுரண்டினால் ரெஸ்டோர், புதிதாக ஒன்று செய்து பழைய பெயரை எழுதினாலும் ரெஸ்டோர் என்று ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறோம். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உட்கார்ந்து யோசித்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு இங்கிலாந்தில் 1903-ல் செய்த ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். ரயில் உலகத்தில் ஒரு புது வழியைத் தொடங்கிவைத்து, பிறகு வீடாக மாறி, எழுபது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தை மறந்து கிடந்து, மறுபடியும் ஓடத் தொடங்கிய வண்டி அது.

ஒரு கொலுசை வைத்துப் பார்ப்போம்

சேலத்துக்காரர்களுக்கு இதை வெள்ளிக் கொலுசில் சொன்னால் எளிதாகப் புரியும். பாட்டியின் கொலுசு கறுத்துப் போய்ப் பெட்டியில் கிடக்கிறது. அதைச் செவ்வாய்ப்பேட்டைக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று வையுங்கள்.

மெருகு மட்டும் போட்டு வாங்கி வரலாம். பளபளக்கும், ஆனால் அறுந்த கண்ணி அறுந்தபடியே இருக்கும். அறுந்ததைப் பற்றவைத்து, திருகாணியை மாற்றிக் காலில் போட்டுக்கொள்ளலாம், அது பழுதுபார்ப்பது. இன்னும் தேயாதபடி துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துவிடலாம், அது பாதுகாப்பது. உருக்கிவிட்டு அதே டிசைனில் புதிதாகவும் செய்யலாம். வெள்ளி அதே வெள்ளிதான், ஆனால் பாட்டியின் காலில் தேய்ந்த தேய்மானம் போய்விட்டது. அதற்கு நகல் என்று பெயர்.

மீட்டெடுப்பு இவற்றில் எதுவும் முழுதாக இல்லை, எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்டு. ஒரு பொருள் தன் வாழ்நாளில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் எப்படி இருந்தது, எப்படி வேலை செய்தது என்பதை ஆதாரத்தோடு கண்டுபிடித்து, மிஞ்சியிருக்கும் அசல் பாகங்களைக் காப்பாற்றி, இல்லாமல் போனதை மட்டும் ஈடுசெய்து, அந்த நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவதே மீட்டெடுப்பு. இதில் "ஆதாரத்தோடு" என்ற சொல்லை விட்டுவிட்டால் மிஞ்சுவது அலங்காரம்தான். டீக்கடையில் பேசிய ஓட்டல் பெட்டியும் அப்படித்தான். அது நல்ல உபயோகம், நல்ல அலங்காரம். ஆனால் மீட்டெடுப்பு என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

ரயில்கார் எது, போகி எது

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நாம் பெட்டியைப் "போகி" என்கிறோம். "எந்த போகில சீட்?" என்றுதான் கேட்கிறோம். தொழில்முறையில் போகி என்பது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கர வண்டி, அதாவது இரண்டு மூன்று அச்சுகளைத் தாங்கி, வளைவில் திரும்பிக் கொடுக்கும் இரும்புச் சட்டம். ஒரு பெட்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பேச்சில் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். மீட்டெடுப்பைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் இந்த வித்தியாசம் தேவைப்படும், ஏனென்றால் நம் கதாநாயக வண்டிக்குப் பெட்டி மிஞ்சியது, போகி மிஞ்சவில்லை.

ரயில்கார் என்பது, இழுக்கத் தனி என்ஜின் வேண்டாத, தன் வயிற்றுக்குள்ளேயே என்ஜினை வைத்துக்கொண்டு பயணிகளையும் ஏற்றிச் செல்லும் ஒற்றை வண்டி. பஸ்ஸைத் தண்டவாளத்தில் ஏற்றியதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் "ரயில் பஸ்" என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தில் ஒன்றைத்தான்.

1903-ல் அப்படி என்ன அவசரம்?

அன்றைக்கு ரயில் என்றால் நீராவிதான். நீராவி என்ஜினுக்குக் காலையில் வேலை என்றால் பல மணி நேரம் முன்பே நெருப்பு மூட்ட வேண்டும். ஓட்டுநர் தவிர, கரி அள்ளிப் போட ஓர் ஆள் வேண்டும். கடைசி ஸ்டேஷன் வந்ததும் என்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி, மறுமுனையில் மாட்ட வேண்டும். முப்பது பேர் போகிற ஒரு கிளைப்பாதைக்கு இத்தனை பாடு. இந்த நேரத்தில் ஊருக்குள் மின்சார டிராம்கள் வந்து, குறைந்த தூரப் பயணிகளை ரயிலிடமிருந்து பிடுங்கத் தொடங்கின.

இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் அப்போது நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற கம்பெனி இருந்தது. அதன் பொறியாளர்களில் ஒருவர் வின்சென்ட் ரேவன். டிராம் போல உடனே கிளம்ப வேண்டும், ஆனால் பாதை நெடுக மின்கம்பி இழுக்கும் செலவு கூடாது. அப்படியானால் மின்சாரத்தை வண்டியிலேயே உண்டாக்கிக்கொண்டால் என்ன? இந்த யோசனையில் பிறந்தவைதான் 1903-ல் யார்க் நகரப் பணிமனையில் செய்த இரண்டு வண்டிகள், எண் 3170, எண் 3171. ஆட்டோகார் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் 52 பேர் உட்காரலாம். வேகம் மணிக்குச் சுமார் 58 கிலோமீட்டர். இரண்டு முனையிலிருந்தும் ஓட்டலாம் என்பதால் கடைசி ஸ்டேஷனில் எதையும் கழற்றி மாட்டத் தேவையில்லை, ஓட்டுநர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் போதும்.

உலகத்தில் இந்த வகையில் ஓடிய மிக முந்தைய வண்டிகளில் இவை இடம் பெறுகின்றன. இதைக் காப்பாற்றப் பாடுபட்டதற்கு வயது மட்டும் காரணம் இல்லை, உள்ளே இருந்த யோசனைதான் பெரிய காரணம். அதைப் பார்ப்போம்.

பெட்ரோல் என்ஜின் இருக்கும்போது மோட்டார் எதற்கு?

ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏதோ ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டால் மறுபடி கிளப்ப டிரைவர் படும் பாட்டைக் கவனித்திருப்பீர்கள். முதல் கியர் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து, பஸ் நடுங்கி, சில சமயம் கிளட்ச் கருகும் வாசனைகூட வரும். காரணம் எளிது. பெட்ரோல், டீசல் என்ஜின்கள் சுற்றிக்கொண்டிருந்தால்தான் பலம் காட்டும். நின்ற நிலையில் அவற்றுக்குப் பலமே கிடையாது. ஆனால் சக்கரமோ நின்ற நிலையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். சுற்றும் என்ஜினையும் நிற்கும் சக்கரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கும் சமரசத்துக்குத்தான் கிளட்சும் கியரும்.

இப்போது ஐந்து ரோடு மேம்பாலத்து ஏற்றத்தில் நிற்கும் மின்சார ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. முறுக்கினால் சரசரவென்று ஏறிவிடும். மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதே முழுப் பலத்தோடு சுற்ற வல்லது. ரயில் போன்ற கனமான வண்டிக்கு வேண்டிய குணமும் இதுதான்.

1903-ல் கார்களே தள்ளாடிக்கொண்டிருந்த காலம். டன் கணக்கில் எடையுள்ள வண்டியைத் தாங்கும் கிளட்சும் கியரும் அன்றைய கைத்தொழிலுக்கு எட்டவில்லை. ஆகவே என்ஜினைச் சக்கரத்தோடு சேர்க்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் என்ன நடக்கிறது? பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதன் என்ஜின் ஒரே சீராகச் சுற்றுகிறது. அது உண்டாக்கும் மின்சாரம் வயர் வழியாக வந்து சமையல்கட்டில் கிரைண்டரைச் சுற்றுகிறது. கிரைண்டரை நிறுத்தினாலும் ஜெனரேட்டர் நிற்பதில்லை, மறுபடி போட்டாலும் அது திணறுவதில்லை. இந்த மண்டபம் முழுவதையும் ஒரு ரயில் பெட்டிக்குள் அடக்கிவிட்டால் அதுதான் ஆட்டோகார். பெட்ரோல் என்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் மின்சாரம் தரும். ஓட்டுநர் கையிலுள்ள கைப்பிடி, எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று தீர்மானிக்கும். போகியில் அச்சோடு பொருத்திய மோட்டார்கள் சக்கரத்தைச் சுற்றும். இந்த மோட்டாருக்கு இழுவை மோட்டார் என்று பெயர். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது வயர் மட்டும்.

முதலில் வைத்த என்ஜின் சரிப்படவில்லை. சீக்கிரமே அதை எடுத்துவிட்டு வோல்ஸ்லி கம்பெனியின் நான்கு சிலிண்டர் என்ஜினை வைத்தார்கள். புது யோசனைக்கு இந்தத் தடுமாற்றம் இயல்புதான். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த முறையில் ஒரு நஷ்டமும் உண்டு. சுழற்சியை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சுழற்சியாக்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகும். இருந்தாலும் கிடைக்கும் வசதி அதைவிடப் பெரிது. சேலம்–கரூர் பாதையில் டெமு என்ற டீசல் பயணிகள் ரயிலில் போனவர்கள் இதைக் காதாலேயே கேட்டிருப்பார்கள். ஸ்டேஷனில் வண்டி நகரும் முன்பே என்ஜின் சத்தம் ஏறும். அதன் பிறகுதான் வண்டி மெதுவாக உருளும். முதலில் மின்சாரம், பிறகு சக்கரம். நம் நாட்டில் "டீசல் என்ஜின்" என்று நாம் சொல்லும் பெரிய ரயில் என்ஜின்கள் பெரும்பாலும் இதே முறைதான். 1903-ன் பெட்ரோல் இருந்த இடத்தில் டீசல் வந்துவிட்டது, அவ்வளவே.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ரயில்கார் தன்னுள்ளேயே என்ஜின் உள்ள ஒற்றை வண்டி. இந்த ரயில்காரில் என்ஜின் சக்கரத்தைத் தொடுவதில்லை, மின்சாரம் உண்டாக்குகிறது. சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார்.

வீடாகிப் போன வண்டி

இரண்டு ஆட்டோகார்களும் யார்க்ஷயர் பகுதியின் சின்னச் சின்னப் பாதைகளில் ஓடின. செல்பி ஊரிலிருந்து கேவுட் போகும் கிளைப்பாதை அவற்றில் ஒன்று. 1930, 1931 வாக்கில் இரண்டையும் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 3171 உடைபட்டுப் போனது. 3170-ன் பெட்டியை மட்டும் ஒருவர் வாங்கி, கிர்க்பிமூர்சைட் என்ற ஊருக்கருகே விடுமுறை வீடாக வைத்துக்கொண்டார். அடியிலிருந்த சட்டம், போகி, என்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் எல்லாம் போய்விட்டன. மரப் பெட்டி மட்டும் நிலத்தில் உட்கார்ந்தது. வீடாக இருந்ததால்தான் மழையில் ஊறாமல் தப்பித்தது. 2006-ல் ரயில் பெட்டிகளைச் சேகரிக்கும் ஒருவர் அதை வாங்கினார். பிறகு இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது, அந்நாட்டுப் பாரம்பரிய நிதியிலிருந்து லாட்டரிப் பண உதவி கிடைத்தது, தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். 2018 அக்டோபரில் யார்க்ஷயரிலுள்ள எம்ப்சே–போல்டன் ஆபி ரயில் பாதையில் அது பயணிகளோடு ஓடியது.

தேருக்குச் சக்கரம் மாற்றினால் அது பழைய தேரா?

இனிதான் சிக்கலான பகுதி. பெட்டி மட்டும்தானே அசல்? அடிச்சட்டம் வேறொரு பழைய ரயில் வண்டியிலிருந்து வந்தது. ஓட்டும் என்ஜின் இக்காலத்து டீசல் என்ஜின். பிறகு இதை எப்படி 1903-ன் வண்டி என்று சொல்வது?

நம் கோவில் தேரைப் பாருங்கள். பழைய மரச் சக்கரத்தை எடுத்துவிட்டு, திருச்சி பெல் ஆலையில் செய்த இரும்புச் சக்கரத்தைப் பல தேர்களுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். பிரேக்கும் வைத்திருக்கிறார்கள். அதனால் அது புதுத் தேர் என்று யாராவது சொல்கிறோமா? மேலே இருக்கும் சிற்பப் பலகைகள் அதே பழையவைதான். ஆனால் அந்தப் பலகைகளைக் கழற்றி விற்றுவிட்டு, மெஷினில் செதுக்கிய பலகைகளை வைத்து, பழைய சக்கரத்தை மட்டும் விட்டுவைத்தால் நமக்கு மனம் ஒப்பாது. ஆக, எது போனாலும் தாங்கும், எது போனால் அந்தப் பொருளே போய்விடும் என்று நமக்குள் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. மீட்டெடுப்பவர்கள் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லி, எழுதிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.

3170-க்கு அந்தக் கணக்கு இரண்டு பகுதி. ஒன்று, மிஞ்சிய பெட்டியின் மரம். அதில் ஓர் அங்குலம்கூட வீணாகப் போகக் கூடாது. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத பொருள்: என்ஜின், ஜெனரேட்டர், மோட்டார் என்ற அந்த வரிசை. வோல்ஸ்லி என்ஜின் கிடைக்காதபோது, டீசல் என்ஜினை நேராகச் சக்கரத்தோடு சேர்த்து வண்டியை ஓட்டியிருக்கலாம். ஓடியிருக்கும், ஆனால் அது 1903-ன் யோசனையாக இருந்திருக்காது. டீசல் வந்தாலும் வரிசை மாறவில்லை என்பதால்தான் நான் இதை மீட்டெடுப்பு என்று ஒப்புக்கொள்கிறேன். அசல் வண்டிக்கே ஓடத் தொடங்கிய கையோடு என்ஜின் மாறியது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஓடவைக்காமல் அப்படியே கூரைக்குக் கீழ் வைத்திருக்க வேண்டும், ஓடினால் தேயும் என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. மாற்றமே செய்யாத அசல் முழுதாகக் கிடைத்திருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். இங்கே கிடைத்தது மேல்பாதி மட்டும்.

மரத்தோடும் பெயிண்டோடும் பேசுவது

வேலை எப்படி நடக்கும்? முதல் சில மாதங்களுக்கு யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். படம் எடுப்பார்கள், அளப்பார்கள், ஒவ்வொரு பலகைக்கும் எண் போடுவார்கள். வீடாக இருந்தபோது அடித்த ஆணி ஓட்டை எது, ரயிலாக இருந்தபோது இருக்கை பூட்டிய ஓட்டை எது என்று பிரிப்பார்கள். ஓட்டைகளை வைத்தே எங்கே இருக்கை இருந்தது, எங்கே தடுப்பு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியும்.

பெயிண்டை ஒரேயடியாகச் சுரண்டக் கூடாது. ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் அடுக்கடுக்காகத் தேய்த்துப் பார்த்தால், மரத்தின் வயது வளையம் போல ஒவ்வொரு காலத்து நிறமும் தெரியும். அடியில் இருப்பது முதல் நிறம். நம் கோவில் திருப்பணிகளில் மணல் வீச்சு இயந்திரம் வைத்துக் கல்லைச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்தே மழுங்கிப் போன கதைகளை நாம் அறிவோம். அங்கே செய்த தவறு இதுதான். அழுக்கு என்று நினைத்ததோடு ஆதாரமும் சேர்ந்து போய்விட்டது.

உளுத்துப்போன கட்டையில் உளுத்த பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே ரக மரத்தில் ஒட்டுப் போடுவார்கள். நல்ல தச்சருக்கு இது தெரிந்த வேலைதான், புதுக் கட்டை போடுவதைவிட மூன்று மடங்கு பொறுமை கேட்கும் வேலையும்கூட. புதிதாகச் சேர்த்த பாகத்தை எதிர்காலத்தில் அசலுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுக்க முடிய வேண்டும் என்பது இன்னொரு நியதி. நாளைக்கு எங்காவது ஒரு பழைய வோல்ஸ்லி என்ஜின் கிடைத்துவிட்டால்?

சுருக்கம்: அசலைக் காப்பது, ஆதாரம் பார்ப்பது, புதியதைப் புதியது என்று பதிவு செய்வது. இந்த மூன்றில் கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது?

"எது பழசு, எது புதுசு?" என்று ஒரு பிள்ளை கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்ல முடிகிற வண்டிதான் பாடம் நடத்தத் தகுந்த வண்டி. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் என்ஜின் வருடத்தையும் பெயரையும் சொல்லும். ஓடும் வண்டியோ காரணத்தைச் சொல்லும். என்ஜின் அறைக் கதவைத் திறந்து, "இது சுற்றுகிறது, ஆனால் வண்டி ஏன் நகரவில்லை?" என்று கேட்டால் போதும், இயற்பியல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். ஒட்டுப் போடத் தெரிந்த தச்சரோடு ஒரு பையன் ஆறு மாதம் நின்றால் கிடைப்பது வேறொரு பாடம். அதைப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணங்கள் உண்டு, மூன்றுவிதமாக. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த இஐஆர் 21 என்ற நீராவி என்ஜின் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. அதைச் சென்னை பெரம்பூர் பணிமனையில் 2010-ல் மறுபடி ஓடவைத்தார்கள். இல்லாமல் போன பாகங்கள் பலவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. இது மீட்டெடுப்பு. சேலம் ரயில்வே கோட்டத்தின் கீழ் வரும் நீலகிரி மலை ரயிலில் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. அவற்றைப் பணிமனையில் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவது பராமரிப்பு. அதே வகையில் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த நூற்றாண்டில் செய்த என்ஜின்கள் பழைய வடிவத்தில் பிறந்த புது என்ஜின்கள். மூன்றும் பெருமைக்குரிய வேலை. ஒன்றின் பெயரை இன்னொன்றுக்குச் சூட்டினால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நம் கையில் இருப்பது

சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகும் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். இப்போது 1.676 மீட்டர் அகலமுள்ள அகலப்பாதை. பாதையை மாற்றியபோது கழிந்து போன மர இருக்கை, ஜன்னல் பலகை, கைவிளக்கு, டிக்கெட் அலமாரி போன்றவை இந்தப் பக்கத்து வீடுகளிலும் பழைய சாமான் கடைகளிலும் எங்காவது கிடக்கலாம். யார்க்ஷயரில் ஒரு வண்டி வீடாகி நின்றதுபோல.

அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் ஈரத்துணியை எடுக்காதீர்கள், உப்புத்தாளையும் எடுக்காதீர்கள். முதலில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எழுத்தோ எண்ணோ தெரிந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து மறுபடி எடுங்கள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஸ்டேஷன், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். கரையான் இருந்தால் தரையிலிருந்து செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வார்னிஷ் வேண்டாம். மழை படாத இடம் போதும்.

என் அக்கா மகளுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்து போய், பரணில் கிடந்த தாத்தாவின் தகரப் பெட்டியை எடுத்து வந்து, மூடியின் ஓரத்தில் பெயிண்ட் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினாள். மூன்று.